34 ஆண்டுகள் மெதுவாகச் சுற்றிய தட்டு: கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர் கடை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள், பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய கடையில், பழைய ரெக்கார்டு பிளேயர்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுதுபார்த்துக் கொடுக்கிறார்கள். இசைத்தட்டுகளைக் கழுவியும் தருகிறார்கள். என் மாமாவின் பிளேயரையும் அவருடைய 23 எல்.பி. தட்டுகளையும் சென்ற ஆண்டு ஆவணி மாதம் அங்கே ஒப்படைத்து, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பு திரும்ப வாங்கிக்கொண்டேன். டெல்டாவில் ராக் இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்றாலும், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லாமல் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிச்சயம் உண்டு. அவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாமா 1977இல் வெல்டராக சவூதி அரேபியாவின் தம்மாமுக்குப் போனவர். அங்கே எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பிளேயரையும் தட்டுகளையும் அவர் வாங்கினார். 1984இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு அவர் வந்து இறங்கியபோது, மற்றவர்கள் டூ இன் ஒன்னும் பாலியஸ்டர் சேலையும் கொண்டுவரும் பெட்டியில் இவை இருந்தன. அந்தப் பொறியாளர் மேடைக் கச்சேரிப் பதிவுகளையே தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்த ‘மேட் இன் ஜப்பான்’, தி ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் வாசித்த ‘லைவ் அட் லீட்ஸ்’, ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியின் மூன்று தட்டுகள் கொண்ட பெட்டி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

எனக்கு அப்போது 13 வயது. கூடத்து மூலையில் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் முனகிக்கொண்டிருக்க, மாமா தட்டை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்து முள்ளை வைப்பார். டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லனின் குரல் எனக்கு அறிமுகமானபோதே அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரலாகத்தான் அறிமுகமானது. ஜான் லார்டின் ஆர்கன் ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நிதானித்துப் போனது. திருவிழா இரவுகளில் சுவாமி ஒவ்வொரு முக்கிலும் நின்று நின்று வர, நாகஸ்வரக்காரர் தோடியை விடிய விடிய விரிப்பதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த விளம்ப காலம் சற்றும் அந்நியமாகப் படவில்லை. கச்சேரி மேடை ஏறிவிட்டால் எந்த நாட்டு வித்துவானும் இப்படித்தான் ஊன்றி வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் அதே குழுவின் ஸ்டுடியோப் பாட்டு ஒன்று வேகமாகவும் ஸ்ருதி கூடியும் வந்தபோதுகூட, அது கூடத்துப் பாட்டு, இது மேடைப் பாட்டு என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மாமா மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றே சொல்வார்: “தம்மாம்ல இது இப்படி இருக்காதுடா. பறக்கும்.” வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஊர்த் தண்ணீரையும் ரோட்டையும் ரொட்டியையும் புகழ்வதுபோல இதையும் புகழ்கிறார் என்று வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அத்தைக்கு அந்தத் தட்டுகளால் வேறொரு உபயோகம் இருந்தது. ஜப்பான் தட்டின் நான்காம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி என்பதால், அதைப் போடும்போது உலையில் அரிசியைப் போட்டால் பக்கம் முடியும்போது சோறு வடிக்கும் பதத்தில் இருக்கும்.

2003 ஏப்ரல் 4 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது நானும் மாமாவும் தஞ்சாவூரிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துப் போனோம். மிக் ஜாகருக்கு அப்போது 59 வயது. ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் விரலளவு உருவம்தான், ஆனால் சார்லி வாட்ஸின் டிரம் அடி ஒவ்வொன்றும், தவிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது விழுமே அதுபோல, நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் மாமா என் தோளைத் தட்டி, “பாத்தியா, நான் சொன்ன வேகம் இதுதான்” என்றார். ஒரு நாள் இரவின் மகிழ்ச்சியில் சொல்கிறார் என்று நான் சிரித்து வைத்தேன். பல ஆண்டுகள் கழித்துக் கைபேசியில் அதே ஜப்பான் பதிவைக் கேட்டபோதுதான் எங்கள் பிளேயர் மெதுவாக ஓடுகிறது என்பது உறுதியாயிற்று. பெல்ட் தளர்ந்திருக்கும் என்று இரண்டு முறை மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் வீட்டின் பின்கட்டு ஓடுகள் பறந்தன. பரணில் இருந்த தட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. தென்னந்தோப்பு முழுதும் சாய்ந்து கிடக்க, மின்சாரம் இல்லாமல் வாரக் கணக்கில் இருந்தபோது இசைத்தட்டைப் பற்றிக் கவலைப்பட யாருக்கு மனம் வரும்? பெட்டியைத் திறந்து பார்த்தபோது அட்டை உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டுகளின் மேல் வெண்சாம்பல் பூசணம் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. 1970 நவம்பரில் கிழக்கு வங்கத்தை அழித்த புயலும் அடுத்து வந்த போரும் அகதிகளாக்கியவர்களுக்காக நடந்த வங்கதேசக் கச்சேரியின் பெட்டியும் அதற்குள் இருந்தது. அதே வங்கக் கடலின் இன்னொரு நவம்பர்ப் புயலில் அது நனைந்து கிடந்ததைப் பார்த்த மாமா ஒரு வார்த்தையும் பேசாமல் மூடி வைத்துவிட்டார்.

முதலில் ஒரு பெருநகரக் கடையில்தான் பிளேயரைக் கொடுத்தேன். இரண்டு மாதம் வைத்திருந்து, முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, முள் துள்ளாமல் இருக்க, முள்ளைத் தாங்கும் பிளேயர்க் கையின் தலையில் ஒரு காசை ஒட்டிக் கொடுத்தார்கள். வேகத்தைப் பற்றிக் கேட்டதற்கு மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று சொன்னார்கள். இந்தக் கருவிகளைப் பற்றி அறியாத எவரும் கவனிக்க வேண்டியது இதுதான்: முள்ளின் மேல் எடை கூடினால் தட்டின் தடம் தேயும், தேய்ந்த தடத்தை எவராலும் மீட்டுத் தர முடியாது. நல்ல வேளையாக நான் வங்கதேசப் பெட்டியை அதில் போடவில்லை.

கும்பகோணத்துக் கடையை எனக்குச் சொன்னவர் வலங்கைமானில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்ட வந்தவர். கடைக்காரரும் அந்தத் தொழிலில் இருந்தவர்தான். எழுபதைத் தாண்டியவர். குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டி, விடியற்காலையில் பிள்ளையார் பாட்டுத் தட்டு வைத்து ஒரு ஊரையே எழுப்பிய காலத்தில் கற்றுக்கொண்ட வேலை என்கிறார். இப்போது மகன் சவுண்ட் சர்வீஸைப் பார்த்துக்கொள்ள, இவர் இந்தச் சந்தில் உட்கார்ந்திருக்கிறார். பிளேயரை மேசையில் வைத்ததும் அவர் முள்ளையோ பெல்ட்டையோ தொடவில்லை. திருப்பிப் பிடித்து அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். பிறகு என்னிடம், “தம்பி, வோல்டேஜை மாத்துனீங்க, சைக்கிளை மாத்தலையே” என்றார்.

34 ஆண்டுக் குழப்பம் அந்த ஒரு வரியில் தீர்ந்தது. சவூதி அரேபியாவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, அமெரிக்காவிலும் அதுவே. நம் நாட்டில் 50. இந்த வகைப் பிளேயரின் மோட்டார் வோல்ட்டைப் பார்த்து ஓடுவதில்லை, சுழற்சியைப் பார்த்து ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும், சுழற்சியைத் தொடாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு எங்கள் வீட்டில் 28 சுற்றுக்கும் சற்றுக் குறைவாகவே சுற்றியிருக்கிறது. 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடியிருக்கிறது. ஸ்ருதி ஏறத்தாழ மூன்று அரைஸ்வரம் இறங்கி, நான்கு கட்டையில் இருந்த பாட்டு இரண்டு கட்டையில் கேட்டிருக்கிறது. மாமா தம்மாமில் கேட்டது உண்மையிலேயே வேறு. அவர் சொன்னதை நாங்கள் யாரும் ஒருமுறைகூட நம்பவில்லை என்பதை நினைத்தபோது அந்தக் கடையின் ஸ்டூலில் எனக்கு உட்கார முடியவில்லை.

இதற்கு மருந்து, மோட்டாரின் தண்டில் இருக்கும் கப்பியை 5க்கு 6 என்ற கணக்கில் பெரிதாக்குவது. கடைக்காரர் அதை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கும் ஒரு பட்டறையில் பித்தளையில் செய்து வாங்கினார். பெல்ட்டின் தடிமனும் கணக்கில் சேரும் என்பதால் முதல் இரண்டு கப்பிகள் சரிவரவில்லை, மூன்றாவதுதான் அமைந்தது. அதைச் சோதித்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். 180 கறுப்புக் கோடுகளை விளிம்பைச் சுற்றி வரைந்த ஒரு வட்டத் தாளைச் சுழல்தட்டின் மேல் வைத்து, பழைய சோக்கு போட்ட டியூப் லைட்டை ஏற்றினார். 50 சுழற்சி மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் கோடுகள் நின்றுவிட்டதுபோலத் தெரியும். எல்.இ.டி. விளக்கில் இதை நம்ப முடியாது என்பதற்காகவே அந்த டியூப் லைட்டைக் கழற்றாமல் வைத்திருக்கிறார். கோடுகள் முதலில் பின்னோக்கி நகர்ந்தன, தயங்கின, பிறகு நின்றன. சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் மேல் 180 கோடுகளும் அசையாமல் நின்ற அந்தக் காட்சிக்காகவே நான் இன்னொரு முறை கும்பகோணம் போவேன்.

கோடு நின்றதோடு அவர் விடவில்லை. வங்கதேசக் கச்சேரித் தட்டின் முதல் பக்கத்தை வைக்கச் சொன்னார். ரவிசங்கரின் சிதாரும் அலி அக்பர் கானின் சரோதும் அல்லா ரக்காவின் தபலாவும் சேர்ந்து வரும் பக்கம் அது. அவருக்கு வேண்டியிருந்தது பின்னால் ஓடும் தம்புரா. மோட்டாரில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் நீண்டு நிற்கும் நாதத்தில்தான் அது முதலில் தெரியும், டிரம்மும் கிட்டாரும் அதை மறைத்துவிடும் என்றார். வாத்தியங்களை ஸ்ருதி சேர்த்து முடித்ததும் நியூயார்க் சபை கைதட்டுகிறது. சேர்த்ததையே இவ்வளவு ரசித்தால் வாசிப்பதை இன்னும் ரசிப்பீர்கள் என்ற பொருளில் ரவிசங்கர் நன்றி சொல்கிறார். கடைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் சொன்னதும், “நல்லா சேர்த்தா கைதட்ட வேண்டியதுதானே தம்பி” என்று சொல்லிவிட்டுத் தம்புராவையே கேட்டுக்கொண்டிருந்தார்.

செராமிக் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டுப் பழையபடி காந்தக் கார்ட்ரிட்ஜைப் பொருத்தினார். எடை 2 கிராமில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதோடு ஒரு சிறிய முன்பெருக்கியையும் கட்டித் தந்தார். தட்டில் ஒலியை வெட்டும்போது, கீழ்ஸ்தாயியின் அகன்ற நெளிவுகள் பக்கத்துத் தடத்தை முட்டாதபடி அதைக் குறைத்தும், மேல்ஸ்தாயியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்யும் முன்பெருக்கி இல்லாவிட்டால் ராக் தட்டு தகர டப்பாவில் போட்ட கூழாங்கல்போலக் கேட்கும்.

தட்டு கழுவும் வேலையில் அவருடைய கவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்.பி. பிளாஸ்டிக்; பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கு. பிளாஸ்டிக்குக்கு வாலைவடி நீரில் சிறிது ஆல்கஹால் கலக்கலாம், அரக்குத் தட்டில் அதே ஆல்கஹால் பட்டால் தட்டே கரையும். அதனால் வரும் ஒவ்வொரு தட்டையும் விரலால் சுண்டி, எடையைக் கையில் நிதானித்த பிறகுதான் எந்தப் பாத்திரத்தில் இறக்குவது என்று முடிவு செய்கிறார். நடு லேபிளின் மேல் ரப்பர் வளையம் வைத்த ஒரு மூடியை இறுக்கி, மெல்லிய தூரிகையால் தடத்தின் போக்கிலேயே சுற்றித் துடைக்கிறார். பூசணம் பிடித்த 23 தட்டுகளில் 20 முழுதாகத் தேறிவிட்டன. இரண்டு தட்டுகள் பரண் வெப்பத்தில் நெளிந்திருந்தன. இதற்கு என்னிடம் வழியில்லை என்று சொல்லி அவற்றுக்குக் காசு வாங்கவில்லை. ஒன்றின் லேபிளில் மட்டும் தண்ணீர்க் கறை ஏறிவிட்டது. அது கழுவும்போது நேர்ந்தது என்று அவரே எடுத்துக் காட்டினார்.

லீட்ஸ் தட்டைக் கழுவியபோது ஒரு சங்கடம் வந்தது. இரண்டு முறை கழுவியும் இடையிடையே பொரிச்சல் சத்தம் நிற்கவில்லை. தன் வேலையில் குறை என்று எண்ணி மூன்றாவது முறை தண்ணீரில் இறக்கப் போனார். நான் தடுத்து லேபிளைக் காட்டினேன். அந்தச் சத்தம் கச்சேரிப் பதிவிலேயே இருப்பது, கேபிள் கோளாறால் வந்தது. பொரிச்சல் சத்தங்கள் சரிதான், திருத்த வேண்டாம் என்று தி ஹூ குழுவினர் லேபிளிலேயே கையெழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். மைக் இரைச்சல், கூட்டத்து இருமல், யாரோ ஒருவர் தாளம் தப்பித் தட்டும் கை, இவையெல்லாம் இருந்தால்தான் அது கச்சேரி என்பது அவருடைய கருத்து. விரும்பினால் பாடல்களைக் கணினியில் ஏற்றித் தருகிறார். ஆனால் இரைச்சலை வடிகட்டித் தரச் சொன்னால் மறுக்கிறார். இதைச் சிலர் பிடிவாதம் என்பார்கள். மேடைப் பதிவுகளைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. வடிகட்டும்போது முதலில் போவது கூட்டத்தின் மூச்சு, அதோடு கூடத்தின் அகலமும் போய்விடுகிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாட்களில் கடை பெரும்பாலும் பூட்டியிருக்கும். மகனுக்கு உதவப் போய்விடுகிறார், தொலைபேசியையும் எடுப்பதில்லை. இரண்டு வாரம் என்று சொன்ன வேலைக்கு ஐந்து வாரம் ஆனது. ரசீது தருவதில்லை, ஆகவே கொடுக்கும் தட்டுகளின் பட்டியலை நீங்களே எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. நனைந்த உறைகளை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. புது வெள்ளைத்தாள் உறைதான் கிடைக்கும். பிளேயருக்குக் கப்பி, பெல்ட், முன்பெருக்கி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாயும், தட்டு ஒன்றுக்குக் கழுவ 60 ரூபாயும் வாங்கினார். முள் நான் தனியாக வாங்கிக் கொடுத்தது. வேலையின் தரத்துக்கு இது குறைவு என்றே சொல்வேன். தட்டுகளைப் பேருந்தில் கொண்டுபோகிறவர்கள் படுக்க வைக்காமல் நிற்க வைத்த நிலையில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம் சாலையின் குலுக்கலில் நான் அப்படித்தான் கொண்டுவந்தேன்.

வீட்டில் முதலில் வைத்தது ஜப்பான் தட்டு. கில்லனின் குரல் கனம் உதறி மேலே ஏறியது, அது இவ்வளவு இளமையான குரல் என்பது அந்தக் கூடத்தில் அன்றுதான் தெரிந்தது. டிரம் வாசிக்கும் இயன் பெய்ஸின் தனி ஆவர்த்தனத்தில், முன்பு ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்போல இருந்த அடிகள் இப்போது மழையாகக் கொட்டி, நடுவில் ஜப்பானியச் சபையின் கைதட்டலும் ஒழுங்கான வேகத்துக்கு வந்தது. மெதுவாக ஓடியபோது அந்தக் கைதட்டலே எனக்கு ஏதோ சோகமாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். பக்கம் முடிந்ததும், “திருப்பிப் போடு” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது அவர் தினமும் மாலையில் ஒரு தட்டு கேட்கிறார். அத்தைக்குத்தான் கணக்கு மாறிவிட்டது. நான்காம் பக்கம் முடிந்து முள்ளை எடுக்கும்போது உலையில் சோறு இன்னும் விதையாக இருக்கிறது, நான்கு நிமிடம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. அந்த நான்கு நிமிடத்துக்கு மாமா லீட்ஸ் தட்டை எடுத்து வைக்கிறார்.